ஈரம் பிடிக்கும் மணிகள்

மும்பையில் ஜூன் இரண்டாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், செப்டம்பர் முடியும்வரை வீட்டுக்குள்ளும் மழைக்காலந்தான். சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் ஜூலை மாதத்தில் மட்டும் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாகிறது. அப்பளம் நமத்துப்போகும்; ஜாடியில் உப்பு கசியும்; தோல் செருப்பின்மேல் பூஞ்சணம் பூக்கும். இதை நன்கறிந்த கொங்கண் மக்கள், மே மாத வெயிலிலேயே மிளகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் உலர்த்தி எடுத்துவைப்பர். மராத்தி மொழியில் அந்த முன்னேற்பாட்டிற்குப் 'பேகமி' என்று பெயர். ஆயினும், நாள்தோறும் பயன்படும் பொருளை மே மாதத்தில் உலர்த்திவைத்துவிட இயலுமா?

அந்நகரின் அரசுக் குடியிருப்பு ஒன்றிற்கு, மதுரையிலிருந்து ஒரு பாட்டி தம் மகன் வீட்டில் தங்க வந்திருந்தார். காதொலிக் கருவி அணிந்தால்தான் அவருக்குப் பேச்சு கேட்கும். ஜூன் வரை கலகலப்பாக இருந்தவர், ஜூலையில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அழைத்தால் திரும்புவதில்லை, கேட்டதற்குத் தொடர்பில்லாத மறுமொழி சொன்னார். ஊர் நினைவு வந்துவிட்டது என்றார் மகன். தம்மீது ஏதோ வருத்தம் என்று எண்ணி மருமகள் உள்ளுக்குள் வாடினார். எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி மட்டும் ஒன்றைக் கவனித்தாள். காலையில் பாட்டிக்கு நன்றாகக் கேட்கிறது, பிற்பகலில்தான் கேட்பதில்லை.

செவிப்புலன் வல்லுநர் கருவியைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். காதுக்குள் ஒலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாயின் நடுவே ஒரு துளி நீர் நின்றது. "கருவி பழுதாகவில்லை. வியர்வையும் காற்றின் ஈரமும் சேர்ந்து வழியை அடைத்திருக்கின்றன," என்று கூறிக் குழாயைச் சுத்தம் செய்தார். பிறகு இறுக மூடும் சிறு குப்பி ஒன்றைக் கொடுத்தார். அதன் அடியில் ஆரஞ்சு நிறச் சிறு மணிகள் இருந்தன. இரவில் கருவியின் மின்கலத்தை வெளியே எடுத்துவிட்டு, கருவியை மட்டும் இக்குப்பியில் வைத்து மூடவேண்டும் என்றார். துத்தநாகக் காற்று மின்கலத்தை மணிகளோடு வைத்தால் அதன் உள்ளீரமும் வற்றி, அது விரைவில் பயனற்றுப்போகும்.

மறுநாள் பிற்பகல், பேத்தி வழக்கம்போல் உரக்க அழைத்தாள். "எதற்கடி இப்படிக் கத்துகிறாய்? எனக்குத்தான் கேட்கிறதே!" என்றார் பாட்டி. மருமகள் சமையலறையில் நின்று கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அம்மணிகளின் பெயர் சிலிக்கா ஜெல். மணலில் உள்ள சிலிக்கான் டைஆக்சைடே இதிலும் உள்ளது. ஆனால் இது கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் நிறைந்தது. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் பேட்ரிக், இதனைத் தயாரிக்கும் முறைக்கு 1919-இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போரின்போது பெனிசிலின் மருந்தை ஈரம் படாமல் காக்க இது பயன்பட்டது.

பஞ்சு நீரைத் தன்னுள் முழுவதும் ஊறவிடுகிறது. மணி அவ்வாறு செய்வதில்லை. துளைகளின் சுவரில் நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. இதனைப் புறப்பரப்புக் கவர்தல் என்பர். ஒரு கிராம் மணியில் உள்ள துளைச்சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்ப முடிந்தால், ஏறத்தாழ 700 சதுர மீட்டர் இருக்கும். 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடைய கபடி ஆடுகளங்கள் ஐந்தை அதில் அடக்கிவிடலாம்! மிக ஈரமான காற்றில் இம்மணி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீரைப் பிடித்துவைக்கும். அப்போதும் தொட்டால் ஈரம் தெரியாது.

இவ்வளவு ஆற்றல் உள்ள மணிகள் வீட்டையே உலர்த்திவிடுமே என்று பேத்திக்குத் தோன்றியது. கடையில் 100 கிராம் வாங்கிவரச் செய்து, ஒரு தட்டில் பரப்பித் தன் அறையில் திறந்துவைத்தாள். இரண்டே நாளில் மணிகள் பச்சையாக மாறின. சுவரின் ஈரவாடையோ சற்றும் குறையவில்லை. எங்கே தவறு?

கணக்குப் போட்டால் விளங்கும். அவளது அறையின் கொள்ளளவு 36 கன மீட்டர். 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 27 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 85 விழுக்காடு நிறைந்திருந்தால், அறைக்காற்றில் மட்டும் 830 கிராம் அளவுக்கு நீர் மிதக்கிறது. அதனை 50 விழுக்காட்டிற்குக் குறைக்க 340 கிராம் நீரை அகற்றவேண்டும். 100 கிராம் மணிகள் பிடிப்பதோ 30 கிராம் அளவே. அதற்குள் சன்னல் இடுக்கிலும் கதவடியிலும் புதிய ஈரக்காற்று நுழைந்துவிடுகிறது. திறந்த அறைக்கு இம்மணிகள் ஏற்றவை அல்ல. மூடிய பெட்டிக்கே ஏற்றவை.

மூடிய பெட்டியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 20 லிட்டர் தகரப்பெட்டி ஒன்றில் அடங்கும் காற்றில் அரை கிராம் நீர்கூட இராது. ஆனால் அப்பெட்டியில் அடுக்கும் ஐந்து கிலோ புத்தகங்கள், மழைக்காலத்தில் 250 கிராமுக்கும் கூடுதலான நீரைத் தாளுக்குள் மறைத்துவைத்திருக்கக்கூடும். ஈரம் காற்றில் இருப்பதைவிடப் பொருளிலேயே மிகுதி. எனவே மழை ஓய்ந்த நாளில் புத்தகங்களை நிழலில் விரித்துக் காற்றாட வைத்து, அதன்பின் மணிகளோடு மூடுவதே முறை. பட்டுப்புடவைக்கும் இது பொருந்தும். பெரும்பாலோர் இந்த முதற்படியை விட்டுவிட்டு, மணிகள் தரமற்றவை என்று குறை சொல்கின்றனர்.

நிறைந்த மணிகளை எறிய வேண்டியதில்லை. 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும் மின்சார அடுப்பில் மெல்லிய அடுக்காகப் பரப்பி இரண்டு மணிநேரம் வைத்தால், பிடித்த நீரை அவை விட்டுவிடும். பச்சை மறைந்து ஆரஞ்சு நிறம் திரும்பும். சூடு மிகுந்தால் நிறம் காட்டும் பொருள் கருகிவிடும். இதனைப் பெரியவர்களே, சன்னலைத் திறந்துவைத்து, சமையலுக்குப் பயன்படாத தட்டில் செய்யவேண்டும். ஆறியதும் உடனே மூடிவைக்கவேண்டும். இல்லையேல் அவை அறைக்காற்றை மறுபடி குடிக்கத் தொடங்கிவிடும். மழைக்கால வெயிலில் காயவைப்பதும் பயன் தராது. சுற்றியுள்ள காற்றே ஈரமாக இருக்கையில் மணி தன் நீரை முழுமையாக விடாது. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் மணிகளும் உண்டு. அவற்றில் கோபால்ட் குளோரைடு என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், வீட்டிற்கு ஆரஞ்சு நிற மணிகளையே வாங்குவது நன்று. எவ்வகையாயினும் உணவோடு கலக்கக்கூடாது. குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும்.

ஆகஸ்டு நடுவில் வீட்டில் விருந்தினர் நிறைந்திருந்தனர். குப்பியை ஒருவரும் பார்க்கவில்லை. மணிகள் முழுவதும் பச்சையாகி ஒரு வாரம் கடந்தது. பாட்டி மறுபடி மௌனமானார். ஆனால் எவரிடமும் சொல்லவில்லை. "இத்தனை பேர் இருக்கையில் என் கருவிக்காக ஏன் தொந்தரவு கொடுக்கவேண்டும் என்று இருந்துவிட்டேன்," என்று பின்னர்க் கூறினார். அன்று முதல் குப்பி பேத்தியின் படிப்பு மேசைக்கு இடம் மாறியது. நாட்காட்டியில் ஞாயிறுதோறும் அவள் ஒரு சிறு வட்டம் வரைகிறாள். மணிகள் ஆரஞ்சாக இருந்தால் வட்டம் வெறுமையாக நிற்கும். பச்சையானால் அதனுள் ஒரு புள்ளி.

செய்து பார்க்க: புதிய காலணிப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பையை, பிரிக்காமல், துல்லியமான தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்க. அதனை மூன்று நாள் திறந்த இடத்தில் வைத்து மீண்டும் நிறுத்துப் பார்க்க. எடை எவ்வளவு கூடியது? கூடாவிடில், அப்பை உங்களிடம் வருமுன்னரே என்ன நேர்ந்திருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.