கானாவாழையை உரிக்கப் பழகுங்கள்

கரிசலில் களையெடுக்கிறவர்களுக்குக் கானாவாழை ஓயாத தொல்லை. எனக்கு அதில்தான் கை பழகியது. இலையின் அடிப்புறத் தோலை இடுக்கியால் இழுத்தால் கிழியாமல் வரும். சோளமும் பருத்தியும் அவ்வளவு சுலபத்தில் தோல் தராது.

தோல் எதற்கு? மழை தள்ளிப்போனால் செடியில் அப்சிசிக் அமிலம் ஏறி இலைத்துளை மூடுகிறது. அந்த வேலையைச் செய்யும் ஓ.எஸ்.டி.1 கைனேஸ் என்ற புரதம், தன்மேல் பாஸ்பேட் ஏறினால்தான் விழிக்கும். நடப்பதெல்லாம் துளையோரக் காப்புச் செல்களில். இலையில் அவை மிகச் சிறு பங்கு. முழு இலையை அரைத்தால் மற்ற செல்களின் புரதம் அவற்றை மூழ்கடித்துவிடும். 1901இல் தொடங்கி மானாவாரிக்கு ரகங்கள் தந்துவரும் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே 12 சோளம், வறட்சியில் துளையை எப்படி மூடுகிறது என்று அறிய வேண்டுமா? உரித்த தோலிலுள்ள துளியளவு புரதத்தைத்தான் நம்பியாக வேண்டும்.

எல்லோரும் புரதத்தை அளக்கும் கருவியைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், முடிவு கையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பறித்தால் இலைக்குக் காயம். தோல் காற்றில் காய்ந்தால் அதுவே வறட்சி. தேடுகிற சைகையை நாமே உண்டாக்கிவிடுவோம். அதனால் உரித்ததும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் மிதக்கவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் வெளிச்சத்தில் வைக்கிறேன். துளை திறந்ததை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே அப்சிசிக் அமிலம். நேரம் முடிந்ததும் தோலை 95 டிகிரிக்குச் சூடேற்றிய எஸ்.டி.எஸ். கரைசலில் நேராகப் போடுங்கள். ஐஸில் அரைத்து, சுழற்றி, குழாய் மாற்றினால் ஒவ்வொரு குழாயும் கொஞ்சம் புரதத்தை வைத்துக்கொள்ளும். பாஸ்பேட்டேஸும் அதற்குள் பாஸ்பேட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு பாஸ்பேட் ஏறினால் கூடுவது 80 டால்டன். சாதாரண ஜெல்லில் அது பெரும்பாலும் தெரியாது. பயிர்ப் புரதங்களுக்குப் பாஸ்பேட்டை மட்டும் கண்டுகொள்ளும் ஆன்டிபாடியும் அரிது. ஆகவே ஹிரோஷிமா பல்கலைக்கழகக் குழு 2006இல் வெளியிட்ட பாஸ்-டேக் ஜெல்லுக்குப் போனேன். அதிலுள்ள மாங்கனீசு பாஸ்பேட்டைப் பிடித்திழுக்க, பாஸ்பேட் ஏறிய புரதம் பின்தங்கி மேலே நிற்கும். ஏறாதது கீழே ஓடிவிடும். ஒரே ஆன்டிபாடியில் இரண்டு கோடும் கிடைப்பதால் விகிதத்தைப் பார்த்தால் போதும். புரத அளவு பார்க்கவென்று, இருக்கிற சொற்ப மாதிரியில் பாதியைச் செலவழிப்பது எனக்கு எப்போதும் வீண் ஆடம்பரமாகவே படும்.

மாதிரியில் இ.டி.டி.ஏ. கலக்காதீர்கள், மாங்கனீசைப் பறித்துக்கொள்ளும். ஜெல் ஓடி முடிந்தபின் அதே இ.டி.டி.ஏ.தான் வேண்டும்: மாங்கனீசை நீக்காவிட்டால் புரதம் சவ்வுக்குச் சரியாக ஏறாது.

கோடு இரண்டாகத் தெரிந்ததும் பாஸ்பேட் என்று எழுதிவிட வேண்டாம். கொஞ்சம் தோலை எஸ்.டி.எஸ். இல்லாமல் உடைத்து, லாம்டா பாஸ்பேட்டேஸ் கொடுத்து, பக்கத்துக் குழியில் ஓட்டுங்கள். மேல்கோடு அங்கேயும் நின்றால் வேறு ஆன்டிபாடி தேட வேண்டியதுதான்.