சோடா கலந்த ஒயினுக்குப் போதை இல்லையா?

ஒயினில் ஆரஞ்சுத் துண்டுகளைப் போட்டு, சோடாவும் ஐஸும் சேர்த்துவிட்டால் அது ஏறக்குறைய பழரசம்தான், எத்தனை தம்ளர் குடித்தாலும் ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். இப்படிக் கலக்கும் ஸ்பெயின் பானமான சாங்க்ரியா விஷயத்தில் இந்த நம்பிக்கை ரொம்பவே வலுவானது. ஒயினை மட்டும் வைத்தே முதலில் கணக்குப் போடுவோம். 13 சதவீத ஒயின் 750 மி.லி. பாட்டிலில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 97 மி.லி. இருக்கும். அதே அளவு சோடா ஊற்றினால் செறிவு 6.5 சதவீதமாக இறங்கும். ஆனால் ஜாடிக்குள் இருப்பது அதே 97 மி.லி.தான். வீட்டு சாங்க்ரியாவில் பிராந்தியும் சேர்ப்பது வழக்கம். 40 சதவீத பிராந்தி 100 மி.லி. ஊற்றினால் இன்னும் 40 மி.லி. ஆல்கஹால் கூடுகிறது. இப்போது 250 மி.லி. தம்ளர் ஒன்றில் ஏறத்தாழ 21 மி.லி. இருக்கிறது. எதுவும் கலக்காத ஒயின் 150 மி.லி. குடித்தால் உள்ளே போவது 19 மி.லி. சொச்சம்தான். ‘லைட்’ என்று சொல்லிக் கொடுத்த தம்ளரே கனமாக இருக்கிறது!

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறையும் இதற்குச் சாட்சி. சாங்க்ரியா என்று விற்கும் பானத்தின் ஆல்கஹால் 4.5 சதவீதத்துக்குக் குறையாமலும் 12 சதவீதத்தை எட்டாமலும் இருக்க வேண்டும் என்கிறது அது. அதாவது பீருக்குச் சமமானதும் சாங்க்ரியா, கிட்டத்தட்ட ஒயினுக்குச் சமமானதும் சாங்க்ரியா. பெயரை வைத்து வீரியத்தை ஊகிக்க வழியே இல்லை.

பழம் ஆல்கஹாலை உறிஞ்சிக்கொள்ளுமே என்பார்கள். கொஞ்சம் உறிஞ்சும், உண்மைதான். கடைசியில் அந்தத் துண்டுகளையும் கரண்டியால் எடுத்துத் தின்றுவிடுகிறோமே, அது எந்தக் கணக்கில் சேரும்? செறிவு குறைந்தால் போதை மெதுவாகத்தானே ஏறும் என்பது இதைவிட நியாயமான கேள்வி. ஒரே அளவு ஆல்கஹாலை நீண்ட நேரம் வைத்துக் குடித்தால் அப்படித்தான். ஆனால் இனிப்பும் குளிர்ச்சியும் ஆல்கஹாலின் எரிச்சலை மறைத்துவிடுகின்றன. வெயில் தாகத்தில் மடக் மடக்கென்று இறங்கிவிடுகிறது. கல்லீரலோ மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் அகற்றும். மேலே சொன்ன தம்ளரில் இருக்கும் 21 மி.லி. என்பது சுமார் 17 கிராம். தாகத்துக்கும் இது மருந்தல்ல: சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடும். நீர்த்த பானத்தில் அந்த விளைவு சிறிதுதான், ஆனாலும் தண்ணீர் குடித்ததற்கு ஈடாகாது.

இன்னொரு நம்பிக்கை, மலிவான, புளித்துப்போன ஒயினே இதற்குப் போதும் என்பது. வீரியம் கூடுவது பெரும்பாலும் இங்கிருந்துதான். மோசமான ஒயினின் சுவையை மூடி மறைக்கத்தான் சர்க்கரையும் பிராந்தியும் அளவுக்கு மீறி விழுகின்றன. விலை உயர்ந்த, மரப்பீப்பாயில் பழகிய ஒயினும் வேண்டாம். குளிரவைத்தால் அதன் துவர்ப்பு நாக்கில் உறைக்கும். துவர்ப்பு குறைந்த இளம் சிவப்பு ஒயினே பொருத்தம். ஆரஞ்சுத் தோலின் உட்புற வெள்ளைச் சதையைச் சீவிவிடுங்கள். ஊற ஊறக் கசக்கும். ஸ்பெயின்காரர்கள் கோடையில் சர்வசாதாரணமாகக் குடிப்பது சாங்க்ரியாவை அல்ல, டின்ட்டோ டெ வெரானோவை. சிவப்பு ஒயின், லேசாக இனித்த சோடா, ஒரு எலுமிச்சை வில்லை, ஐஸ், அவ்வளவுதான். பிராந்தி கிடையாது. அப்படியிருந்தும் சாங்க்ரியா உலகப் புகழ் பெற்றதற்கு 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் அரங்கு அதைப் பரிமாறியதும் ஒரு காரணம்.

கலக்குவதானால் ஒரு பங்கு ஒயினுக்கு இரண்டு பங்கு சோடா என்று அளந்தே ஊற்றுங்கள், 250 மி.லி. தம்ளருக்கு ஆல்கஹால் 11 மி.லி.யோடு நிற்கும். வண்டி ஓட்டப்போகிறவருக்கும் கர்ப்பிணிக்கும் அதுவும் கூடாது. அவர்களுக்கு ஆரஞ்சுச் சாறும் சோடாவும் கலந்து தனி ஜாடியில் வையுங்கள்.