நடவாத போட்டியில் வென்றவர் யார்?

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

வரலாற்று மாணவன் 'நடந்திருந்தால்' என்னும் சொல்லை வாயில் வைக்கலாகாது என்பது எங்கள் துறையில் அடிக்கடி கேட்கும் அறிவுரை. ஆயினும் சில வினாக்கள் அந்த வேலியையும் தாண்டி வந்து நிற்கின்றன. அமெரிக்கக் குத்துச்சண்டை வரலாற்றில் அத்தகைய வினா ஒன்று உண்டு. ஜாக் டெம்ப்சியும் ஹாரி வில்ஸும் மோதியிருந்தால் வென்றிருப்பவர் யார்? இருவரும் ஒரே காலத்தவர், ஒரே எடைப்பிரிவினர், மோதுவதாக ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டவர்கள். எனினும் ஒரு நாளேனும் ஒரே மேடையில் ஏறவில்லை.

வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி என நான்கையும் சீர்தூக்க வேண்டும் என்பது வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. அந்நெறியையே ஈண்டும் கைக்கொள்கிறேன்.

இரு வீரர்கள்

டெம்ப்சி 1895இல் கொலராடோ மாநிலத்தின் மனாசா என்னும் சிற்றூரில் பிறந்தவர். சுரங்க வேலையும் சரக்கு ரயிலில் திருட்டுப் பயணமுமாக இளமையைக் கழித்தவர். 1919 ஜூலை 4 அன்று டொலிடோ நகரில், தம்மினும் ஐந்தங்குலத்துக்கு மேல் உயரமான ஜெஸ் வில்லார்டை முதற்சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். வில்லார்டு நான்காம் சுற்றுக்கு எழுந்து வரவில்லை. உலக ஹெவிவெயிட் பட்டம் டெம்ப்சியின் கைக்கு வந்தது. குனிந்து நுழைந்து, நெருங்கி நின்று, இரு கைகளாலும் இடைவிடாது தாக்குவது அவர் முறை. எடை ஏறத்தாழ 190 பவுண்டு.

வில்ஸ் 1889இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கறுப்பினத்தவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். உயரம் ஆறடி இரண்டங்குலத்துக்குக் குறையாது. எடை 210 பவுண்டுக்கு மேல். வெள்ளை வீரர்களில் முன்னணியினர் பலர் கறுப்பினத்தாருடன் மோத மறுத்த காலம் அது. எனவே கறுப்பின வீரர்கள் தம்முள்ளேயே திரும்பத் திரும்ப மோத வேண்டியிருந்தது. சாம் லாங்ஃபோர்டு என்னும் பெருவீரருடன் மட்டும் வில்ஸ் பதினைந்து முறைக்கு மேல் மோதியிருக்கிறார்.

பொது எதிரிகள் தரும் சான்று

நேரடிச் சான்று இல்லாதபோது, இருவரும் தனித்தனியே சந்தித்த எதிரிகளைக் கொண்டு ஒப்பிடலாம். ஃபிரெட் ஃபுல்டனை டெம்ப்சி 1918இல் அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். வில்ஸ் 1920இல் மூன்றாம் சுற்றில் வீழ்த்தினார். அர்ஜென்டினாவின் லூயி ஃபிர்போ 1923இல் டெம்ப்சியைக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். ஆயினும் டெம்ப்சி மீண்டு வந்து இரண்டாம் சுற்றிலேயே அவரை முடித்தார். மறு ஆண்டு வில்ஸ் அதே ஃபிர்போவை ஒரு முறை வீழ்த்தினார் எனினும், போட்டி பன்னிரண்டு சுற்றும் நடந்தது. மேலோங்கியவர் வில்ஸே எனப் பத்திரிகையாளர் கணித்தனர்.

இவற்றால் விரைந்து முடிக்கும் ஆற்றல் டெம்ப்சிக்கே மிகுதி என்பது புலனாகும். மற்றொன்றும் உண்டு. ஆறடிக்கு மிகக் குறைந்த உயரமுடைய லாங்ஃபோர்டு, 1914இலும் 1916இலும் வில்ஸை நாக்-அவுட் செய்திருக்கிறார். நெருங்கிச் சென்று குத்தும் வலியவனிடம் வில்ஸ் வீழக்கூடியவர் என்பதற்கு இது சான்று.

மறுபுறமும் நோக்குவோம். டெம்ப்சியை 1920இல் பில் பிரென்னன் பன்னிரண்டாம் சுற்று வரை தாங்கினார். 1923இல் டாமி கிப்பன்ஸ் பதினைந்து சுற்றும் தாங்கி நின்றார். இவ்விருவரினும் வில்ஸ் பருமனானவர். எதிரியைப் பிடித்து அணைத்து வேகத்தைக் குலைப்பதில் வல்லவர். முதல் மூன்று சுற்றுகளைக் கடந்திருந்தால் போட்டி அவர் பக்கம் திரும்பியிருக்கவும் கூடும்.

துணைவலி

நான்காவதாகிய துணைவலியில்தான் தராசு முற்றிலும் சாய்கிறது. 1908இல் ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின உலக ஹெவிவெயிட் வாகையரானார். 1910இல் ரீனோ நகரில் ஜெஃப்ரீஸை அவர் வென்றதும் பல நகரங்களில் இனக்கலவரம் வெடித்து உயிர்கள் பலியாயின. 1915இல் ஹவானாவில் ஜான்சன் தோற்றபின், பட்டத்தைச் சுற்றி நிறவேலி மீண்டும் எழுந்தது. ரீனோ போட்டியை நடத்திய டெக்ஸ் ரிக்கார்டே டெம்ப்சியின் பெரும் போட்டிகளையும் நடத்தியவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

1922இல் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. நாளும் இடமும் குறிக்கப்படவில்லை. 1925இல் மற்றொன்று எழுதப்பட்டது. டெம்ப்சிக்குரிய பணம் வந்து சேராமல் அதுவும் முறிந்தது. முன்பணமாக 50,000 டாலர் மட்டும் வில்ஸுக்குக் கிடைத்தது. வில்ஸுடன் மோதாமல் வேறொருவருடன் மோத டெம்ப்சிக்கு உரிமம் தர நியூயார்க் அதிகாரிகள் மறுத்தனர். உடனே 1926 செப்டம்பரில் டெம்ப்சி–டன்னி போட்டி ஃபிலடெல்ஃபியாவுக்கு இடம் மாறியது. ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் பார்க்க, டெம்ப்சி பட்டத்தை இழந்தார். அடுத்த மாதம், தம் முப்பத்தேழாம் வயதில், வில்ஸ் ஜாக் ஷார்க்கியிடம் தோற்றார். அத்துடன் வினா முடிந்துபோயிற்று.

முடிவுரை

என் கணிப்பைக் கேட்டால், 1920க்கும் 1923க்கும் இடையில் போட்டி நடந்திருந்தால் டெம்ப்சியே வென்றிருப்பார் என்பேன். 1924இல், அவர் பட்டப் போட்டியின்றி ஓய்ந்திருந்த ஆண்டில் நடந்திருந்தால், வில்ஸுக்கும் ஒத்த வாய்ப்பு உண்டு.

ஆனால் இக்கணிப்பைச் சிலர் வேறு வகையில் பயன்படுத்துவதுண்டு. 'எப்படியும் டெம்ப்சிதானே வென்றிருப்பார். போட்டி நடவாததால் என்ன குறை?' என்பர். இவ்வாதத்தை நான் ஏற்கவில்லை. தேறமாட்டான் என்று நாமே முடிவுகட்டித் தேர்வுக்கூடத்தின் வாயிலில் ஒருவனை நிறுத்தினால், அவன் தோற்றான் என்று எழுத நமக்கு உரிமையில்லை. கணிப்பு தேர்வாகாது. ஜான்சனுக்குப்பின் 22 ஆண்டுகள் கழித்து, 1937இல் சிகாகோவில் ஜோ லூயிஸ் பட்டம் வென்றபோதுதான் அவ்வாயில் மீண்டும் திறந்தது. அப்போது வில்ஸுக்கு வயது நாற்பத்தெட்டு.

டெம்ப்சி வென்றிருப்பார் என்றே நான் கருதுகிறேன். அக்கருத்துப் பிழையென்று குத்திக் காட்டும் உரிமை வில்ஸுக்கு இருந்தது. அவ்வுரிமையைப் பறித்தது டெம்ப்சியின் கைவன்மையன்று என்பதையும் தோழர்கள் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.