புத்திசொல்லுதலும் புதிதாகுதலும்

வேதபகுதி: எபேசியர் 4:22-32

1970-ஆம் ஆண்டு அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் வெளியிட்ட நூல், கிறிஸ்தவ ஆலோசனை ஊழியத்தில் பெரும் விவாதத்தை எழுப்பிற்று. ‘நூதெத்தேயோ’ என்னும் கிரேக்கச் சொல்லே அவரது முறைக்கு அடிப்படை. தமிழ் வேதாகமம் இதனைப் ‘புத்திசொல்லுதல்’ என்கிறது (கொலோ. 1:28). பவுல் எபேசுவில் மூன்று வருஷகாலம் கண்ணீரோடு புத்திசொன்னார் (அப். 20:31). கண்ணீரில்லாத புத்திமதி வெறும் கண்டனமாகிவிடும்.

1. களைதலும் தரித்தலும்

திருடன் திருடாமலிருந்தால் மட்டும் போதாது. அவன் தன் கைகளால் உழைக்கவேண்டும், குறைவுள்ளவனுக்குக் கொடுக்கவும் வேண்டும் (எபே. 4:28). பழையது நீங்கிய இடத்தில் புதியது குடியேறவேண்டும். குடியை விட்ட சகோதரன் தன் மாலைப்பொழுதை எவ்வாறு கழிப்பான் என்று நாம் எண்ணிப்பார்த்ததுண்டா?

2. துயரமெல்லாம் பாவத்தின் விளைவன்று

யோபுவின் சிநேகிதர் இதை அறியாமல் அவரைப் புண்படுத்தினர். சாக விரும்பிய எலியாவுக்கோ, தேவதூதன் முதலில் காட்டியது அடையும் தண்ணீரும். அவர் உண்டு, உறங்கி, பெலனடைந்த பின்னரே கர்த்தர் அவரிடம் கேள்வி கேட்டார் (1 இராஜா. 19). மனநோயால் வாடுபவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அவிசுவாசமன்று.

சிந்திக்க: காரியத்தைக் கேட்குமுன் உத்தரவு சொல்வதை நீதிமொழிகள் 18:13 புத்தியீனம் என்கிறது. உங்களை நாடி வருபவரிடம் நீங்கள் முதலில் பேசுகிறீர்களா, அல்லது செவிகொடுக்கிறீர்களா?