உயிர்கள் மாறும், ஏகம் மாறாது

உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்தன என்று பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். "அப்படியென்றால் அய்யா நம்மைப் படைக்கவில்லையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அதட்டி அடக்கக்கூடிய கேள்வி அல்ல இது.

ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே உள்ள திருவண்ணாமலையில் நின்றால் மேற்கே மலைத்தொடர் தெரியும். அங்கே சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயம் அமைந்தது. மலபார் அணில் அதற்கு நெருங்கிய இனம். இரண்டுக்கும் முன்னோர் ஒன்றே, நெடுங்காலத்தில் வேறுபட்டன என்கிறது அறிவியல். டார்வின் 1859-இல் விளக்கிய பரிணாமம் இதுதான்.

1841-இல் அரிகோபாலன் சீடர் மூலம் அய்யா அருளிய அகிலத்திரட்டு உயிர்நூல் பாடம் அல்ல. எட்டு யுகங்களை அது சொல்கிறது. குறோணியின் துண்டுகள் யுகந்தோறும் வேறு உருவில் பிறக்கின்றன. யுகம் மாறும், உருவம் மாறும். மூலமான ஏகம் மாறாது. ஏகத்துக்கு உருவம் இல்லை. அதனால்தான் பதியில் சிலை வைக்காமல் கண்ணாடி வைத்திருக்கிறோம். உடல் வந்த வழியை அறிவியல் சொல்லட்டும். உள்ளே இருப்பவரைக் கண்ணாடி காட்டும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சூழலுக்குப் பொருந்தியது பிழைப்பது காட்டின் நடப்பு. அதைக் காட்டி, "வலியவனே வாழட்டும்" என்று மனிதன் பேசினால் அது கலி. முந்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக நீராட வைத்தார் அய்யா. எளியவரைக் கைதூக்கி விடுவதே தர்மம்.

பிள்ளை கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அய்யா உண்டு!