பட்டாளத்துக்காரருக்குத் தூக்கமே வராதா?

“நம்ம வாட்ச்மேன் எக்ஸ் சர்வீஸ்மேன் சார், ராத்திரி முழுக்கக் கண்ணசரமாட்டார்.” அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தொடங்கி ஆவடி, பூந்தமல்லி அடுக்குமாடிகள் வரை இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஆவடிப் பக்கம் படை முகாம்களும் கனரக வாகனத் தொழிற்சாலையும் இருப்பதால் ஓய்வுபெற்ற வீரர்கள் அதிகம். நம்பிக்கையும் அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது. தொழிற்சாலை மருத்துவனாகச் சொல்கிறேன், இது சுத்தப் பொய்.

பட்டாளம் ஒருநாளும் இப்படி நம்பியதில்லை. ரோமானியப் படை இரவை நான்கு காவல்களாகப் பிரித்தது. தூங்கிய காவலனைச் சக வீரர்களே அடித்துக் கொல்லும் தண்டனை அங்கே இருந்ததைப் பண்டைய வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதியிருக்கிறார். நம் முல்லைப்பாட்டின் பாசறையிலும் நாழிகை அளந்து சொல்லத் தனி ஆட்கள் உண்டு. பிரிட்டிஷ் படையில் நிலைத்த வழக்கம், இரண்டு மணி நேரம் காவல், நான்கு மணி நேரம் ஓய்வு. நமது 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டமும் காவலில் தூங்குவதைக் குற்றமாக எழுதிவைத்திருக்கிறது. வீரனுக்குத் தூக்கமே வராதென்றால் இத்தனை தண்டனை எதற்கு? தண்டனை மட்டும் போதாது என்று தெரிந்துதானே முறை மாற்றி ஆள் போட்டார்கள்!

இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடி ரேடார் திரையைப் பார்த்திருந்தவர்கள் ஏன் கோட்டைவிட்டார்கள் என்று உளவியலாளர் நார்மன் மாக்வொர்த் ஆராய்ந்தார். 1948இல் அவர் வெளியிட்ட முடிவு: அரை மணி நேரத்திலேயே கவனம் சரிகிறது. 1997இல் வந்த இன்னொரு ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்றது. வண்டி ஓட்ட நம் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். அறுபது வயதுக்காரரைப் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தி, மாற்று ஆள் வரவில்லையென்றால் ‘டபுள் டூட்டி’யும் பார்க்கச் சொல்கிறீர்களே, அவரிடம் எந்தக் கண்ணை எதிர்பார்க்கிறீர்கள்?

மற்ற கதைகளும் உண்டு. கேரட் தின்றால் இருட்டில் கண் தெரியும் என்பது, விமான ரேடாரை மறைக்கப் போர்க்காலத்தில் பிரிட்டன் ஊதிப் பெருக்கிய கதை. வைட்டமின் ஏ குறைவு இல்லாதவருக்குக் கூடுதல் கேரட்டால் பார்வை கூடாது. கேட்டில் பெரிய விளக்கு போட்டால் நன்றாகத் தெரியும் என்பதும் தவறு. காவலர் முகத்தில் அடிக்கும் வெளிச்சம் அவரைத்தான் குருடாக்கும்; கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். தேநீர் தூக்கத்தைத் தள்ளிப்போடும், ஈடு செய்யாது.

“நாற்காலி போட்டால் தூங்கிவிடுவார்” என்று சொல்லும் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரமே வருகிறது. அசந்துபோன மனிதர் நின்றுகொண்டே தூங்குவார். நாள்கணக்கில் நிற்பவரின் கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும். கடைகள், நிறுவனங்களில் வேலை செய்வோர்க்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தையே திருத்தியது. துணிக்கடைப் பெண்ணுக்குச் சரியானது உங்கள் வாசல் காவலருக்கு ஏன் சரியில்லை?

அடுத்த பொதுக்குழுவில் இரண்டு ஷிப்டை மூன்றாக்கத் தீர்மானம் போடுங்கள். மாதச் சந்தா கொஞ்சம் கூடும், கொடுங்கள். நாற்காலியை நாளைக்கே போடுங்கள்.