ஏழு விசையில் தமிழ்: ஒரு மோதி பாக் பலகை

ஆர்மோனியத்தில் இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்துப் பிடிப்பதுபோல, விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஓர் எழுத்து விழும் பலகை இது. டெல்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் மூன்றாவது முறையாகச் செய்தபோதுதான் உருப்பட்டது. முதல் இரண்டும் கெட்டதில் கற்றவை கீழே.

செய்யக்கூடாதவை

• சொந்தமாகக் குறியீடு உருவாக்காதீர்கள். ஐந்து விசையில் 31 சேர்க்கைகள் கிடைக்கும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. கூட்டினால் அதே 31! இந்தக் கணக்கில் மயங்கித்தான் என் முதல் பலகை பிறந்தது. 1968-இல் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் காட்டிய பலகையும் ஐந்து விசைதானே என்று ஒரு தெம்பு வேறு. இடைவெளிக்கு, புள்ளிக்கு, ஜ, ஷ எழுத்துகளுக்கு எங்கே போவது? போதாததற்கு, அந்தக் குறியீடு உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

• விசையைத் தொட்டவுடன் எழுத்தை அனுப்பாதீர்கள். மூன்று விரலும் ஒரே கணத்தில் இறங்காது.

• பழைய ஆர்டுயினோ ஊனோ வேண்டாம். அது தன்னை விசைப்பலகை என்று கணினியிடம் நேரடியாகச் சொல்லிக்கொள்ளாது.

• ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கக் கிளம்பாதீர்கள்; கடைகள் மூடியிருக்கும்.

செய்ய வேண்டியவை

• 1951-இல் இந்திய மொழிகளுக்காக வந்த பாரதி பிரெய்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு புள்ளி, ஆறு விசை, 63 சேர்க்கை; கட்டைவிரலுக்கு இடைவெளி விசை. இடக்கை ஆள்காட்டி விரல் 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3. வலக்கையில் அதேபோல 4, 5, 6. 1 மட்டும் அழுத்தினால் அ, 1-3 க, 1-3-4 ம.

• மெட்ரோவில் லாஜ்பத் நகரில் மாறி லால் கிலாவில் இறங்கினால் எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட். ராஸ்பெர்ரி பை பிக்கோ அல்லது ப்ரோ மைக்ரோ கேளுங்கள்.

• ஒவ்வொரு விசைக்கும் தனி பின் கொடுங்கள்; மறுமுனை எல்லாம் கிரவுண்டுக்கு. ஏழே விசைக்கு மேட்ரிக்ஸும் டயோடும் வீண் வேலை.

• எல்லா விரலும் எழுந்த பிறகு, அதுவரை அழுந்தியவற்றைச் சேர்த்து ஓர் எழுத்தாக எண்ணுங்கள்.

• நிரலில் தமிழ்99 விசைப்பலகை முறையின் விசைகளையே அனுப்புங்கள். க, பிறகு ஆ என்றால் கா. பிரெய்லிலும் அதே முறைதான், அதனால் பாதி வேலை மிச்சம். புள்ளிதான் படுத்தும். பிரெய்லில் 4 முதலில் வரும், மெய் பின்னால், தமிழ்99-இல் தலைகீழ். ஆகவே 4 வந்தால் நிறுத்திவைத்து, அடுத்த மெய்யை அனுப்பியபின் புள்ளியை அனுப்ப வேண்டும். இன்னொன்று: ஒரே மெய் இரண்டு முறை வந்தால் தமிழ்99 தானாகவே புள்ளி வைத்துவிடும். 'பப' வேண்டுமென்றால் நடுவே அ விசையை அனுப்புங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு போயிற்று.

• பெட்டியை மரத்தில் அறுப்பதற்கு முன் அட்டையில் செய்து, பிரெய்ல் பழகிய கையில் கொடுங்கள். என் நண்பர் ஒரு வரி அடித்துவிட்டுச் சொன்னார்: "எழுத்தெல்லாம் சரி சார். ஆனா இந்த டக்டக் சத்தத்தோட கிளாஸ்ல உட்கார முடியாது." நீல நிற கிளிக் சுவிட்ச் ஏழையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, மறுபடியும் லால் கிலாவுக்கு மெட்ரோ ஏறினேன்.